அறுபட்டைக் காம்பு: ஒரு பிட் தாங்கியின் முன்கதை

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கட்டி. அதன் மேல்முகத்தில் அறுகோணத் துளைகள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு திருப்புளி பிட் நிற்கும். யாரோ ஒருவர் கணினியில் வரைந்து, மேசைமேல் வைத்த முப்பரிமாண அச்சு எந்திரத்தில் சில மணி நேரத்தில் அச்சிட்டு எடுத்த பொருள் அது. செலவு சில ரூபாய் பிளாஸ்டிக் இழை. இன்று உலகெங்கும் பட்டறைகளிலும் வீடுகளிலும் இப்படிப்பட்ட தாங்கிகள் எண்ணற்ற வடிவங்களில் அச்சாகின்றன. இவ்வளவு சிறிய பொருளுக்கு வரலாறு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இரண்டு கேள்விகளை எழுப்பிப் பார்த்தால் அதன் பின்னால் ஐந்து நூற்றாண்டுகள் நிற்பது தெரியும். ஒரு திருகாணியைத் திருப்ப ஏன் இருபது முப்பது வகை முனைகள் வேண்டியிருக்கின்றன? அத்தனை முனைகளும் ஒரே அளவுத் துளையில் எப்படிப் பொருந்துகின்றன? முனைக்கு உரிமையாளர்கள் இருந்தார்கள், அதனால் அது பலவாகப் பிரிந்தது. துளைக்குள் செருகும் காம்புக்கு உரிமையாளர் இல்லை, அதனால் அது ஒன்றாகவே நின்றது என்பது என் வாதம். அச்சு எந்திரம் வீட்டுக்கு வந்த கதையும் இதே உரிமைக் கணக்கில்தான் முடிகிறது.

திருகாணி ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாகத் தென்படுகிறது. தெற்கு ஜெர்மனியில் வரையப்பட்ட, வோல்ஃபெக் கோட்டையில் நெடுங்காலம் இருந்த ஓவியச் சுவடி ஒன்றில் மரை வெட்டும் கடைசல் எந்திரம் இடம்பெறுகிறது. கவசம் செய்தவர்களும் துப்பாக்கி செய்தவர்களும் முதலில் அதைப் பயன்படுத்தினார்கள். ஆணியடித்தால் குலுங்கிக் கழன்றுவிடும் இடங்களில் திருகாணி பிடித்து நின்றது. தலையில் ஒற்றைக் கோடாகப் பள்ளம் வெட்டப்பட்டதற்குக் காரணம் எளியது: ஓர் அரமோ இரம்பமோ இருந்தால் போதும், எந்தக் கொல்லனும் அதை வெட்டிவிடலாம். 1760இல் இங்கிலாந்தில் ஜாப் வயட், வில்லியம் வயட் என்னும் சகோதரர்கள் மரத்திருகாணியை எந்திரத்தில் செய்வதற்குக் காப்புரிமை பெற்றார்கள். 1846இல் அமெரிக்கரான தாமஸ் ஸ்லோன் கூர்முனையுள்ள திருகாணிக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிரிட்டிஷ் உரிமையை 1854இல் பர்மிங்காமின் நெட்டில்ஃபோல்டும் சேம்பர்லினும் சேர்ந்து பெற்றுப் பெருந்தொழிலாக வளர்த்தார்கள். அந்தத் தொழிலைப் பார்த்துக்கொள்ளப் பதினெட்டு வயதில் பர்மிங்காமுக்கு அனுப்பப்பட்ட ஜோசப் சேம்பர்லின்தான் பின்னாளில் பிரிட்டனின் காலனிகளுக்கான அமைச்சர். 1895 முதல் 1903 வரை இலங்கை ஆட்சியும் அவர் துறையின் கீழ்தான் இருந்தது. திருகாணியில் சேர்ந்த செல்வம் எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு இது ஒரு சான்று. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று: இந்த மாற்றங்கள் எல்லாம் திருகாணியின் உடலிலும் கூரிலும் நடந்தவை. தலையில் இருந்த ஒற்றைப் பள்ளத்தை யாரும் தொடவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பெரிய சீரமைப்பும் தலையைத் தொடாமலே போயிற்று. 1841இல் ஜோசப் விட்வொர்த் லண்டன் குடிசார் பொறியாளர் நிறுவனத்தில் ஒரு கட்டுரை படித்தார். ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டிவந்த நாட்டில், பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி அளந்து, சராசரி கண்டு, 55 பாகைக் கோணமுள்ள பொது மரையை முன்வைத்தார். 1864இல் ஃபிலடெல்ஃபியாவின் பிராங்க்ளின் நிறுவனத்தில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை மரையை முன்மொழிந்தார். சாதாரணத் தொழிலாளியும் எளிதாக வெட்டிச் சரிபார்க்கக்கூடியது என்பது அவர் வாதம். பிரிட்டனும் அமெரிக்காவும் இரண்டு மரைகளோடு இரண்டாம் உலகப் போரில் நின்றபோது, கூட்டாளிகளின் உதிரிபாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. அந்தப் பாடத்துக்குப் பிறகு 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. நூறாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் வாதிட்டது மரையைப் பற்றி. தலையைப் பற்றிப் பேசத் தேவையே இருக்கவில்லை. தட்டை முனையுள்ள மூன்று நான்கு திருப்புளிகள் ஒரு தச்சரின் பெட்டியில் இருந்தால் ஏறக்குறைய எல்லாத் திருகாணிகளுக்கும் அவை போதும். பள்ளத்தை விட முனை சற்றுச் சிறிதாக இருந்தாலும் வேலை நடக்கும். பிட் தாங்கி என்ற தேவை எழாத காலம் அது.

தாங்கி தேவைப்பட்ட இடம் துளையிடும் கருவிகளில்தான். கனெக்டிகட் மாநிலத்தின் ரஸ்ஸல் ஜென்னிங்ஸ் 1855இல் காப்புரிமை பெற்ற முறுக்குத் துரப்பணங்கள் மூன்றடுக்கு மரப்பெட்டியில் விற்பனைக்கு வந்தன. கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை, பதினாறில் ஒரு பங்கு அங்குலமாகக் கூடிக்கொண்டு போகும் 13 துரப்பணங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். எந்த இடம் காலியாக இருக்கிறதோ அந்த அளவு காணாமல் போயிருக்கிறது என்று பெட்டியே சொல்லும். நல்ல தாங்கிக்கு இருக்க வேண்டிய இரண்டு குணங்கள் அதில் அன்றே இருந்தன: எதை எங்கே தேடுவது என்ற தெளிவு, எது இல்லை என்ற அறிவிப்பு. அதன் குறையும் அன்றே இருந்தது. அந்தப் பெட்டி அந்த 13 துரப்பணங்களுக்கு மட்டும் உரியது. வேறொருவர் செய்த, சற்றே தடித்த ஒன்றை வைக்க வேண்டுமானால் மரத்தைச் செதுக்க வேண்டும்.

பிட்டை மாற்றிப் போடும் திருப்புளியும் அந்த நூற்றாண்டின் முடிவில் வந்துவிட்டது. ஃபிலடெல்ஃபியாவின் நார்த் பிரதர்ஸ் நிறுவனம் ‘யாங்கி’ என்ற பெயரில் விற்ற கருவியில், பிடியை அழுத்தினால் சுருள் பள்ளம் ஓடும் தண்டு தானே சுழலும். முனையைக் கழற்றி வேறு முனை போடலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த அழுத்துத் துரப்பணத்தின் பிடிக்குள் எட்டு முனைகளை அடுக்கிவைக்க இடம் இருந்தது. கருவியே தாங்கியாகவும் ஆன அழகான யோசனை. ஆனால் யாங்கி முனைகளின் காம்பு உருண்டையானது, ஒரு பக்கம் சீவியது, ஒரு வெட்டு உள்ளது; அந்த நிறுவனத்துக்கே உரியது. கருவியின் அளவுக்கேற்ப காம்பின் தடிமனும் மாறும். 1946இல் ஸ்டான்லி அந்த நிறுவனத்தை வாங்கியது. பிறகு மின்கருவிகள் அழுத்துத் திருப்புளியை ஓரங்கட்டியபோது அந்தக் காம்பும் அநாதையானது. இன்று பழைய யாங்கியை விரும்பி வைத்திருப்பவர்கள், அதன் வாயில் அறுகோண பிட்டைப் பொருத்த ஓர் இணைப்புத் துண்டு வாங்கித்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான காம்பு அந்த நிறுவனத்தின் ஆயுளைத் தாண்டி வாழவில்லை. இந்தச் சான்றை மனத்தில் வைத்துக்கொண்டு முனைகளின் கதைக்குப் போகலாம்.

ஒற்றைப் பள்ளத்தின் குறை தொழிற்சாலையில்தான் பொறுக்க முடியாததாயிற்று. முனை பக்கவாட்டில் நழுவும், பொருளைக் கீறும், தலையின் நடுவில் தானாக வந்து அமராது. கையால் மெதுவாகத் திருப்பும் தச்சருக்கு இது சிறிய தொல்லை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் திருகும் தொழிலாளிக்கும், வேகமாகச் சுழலும் எந்திரத்துக்கும் இது பெரிய தடை. கனடாவைச் சேர்ந்த பீட்டர் ராபர்ட்சன் 1908இல் சதுரக் குழியுள்ள தலையை உருவாக்கி, அடுத்த ஆண்டு காப்புரிமை பெற்றார். ஒன்டாரியோவின் மில்டன் நகரில் தொழிற்சாலை வைத்தார். அவருடைய திறமை சதுரத்தைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் இல்லை. குளிர்ந்த உலோகத்தை அழுத்திக் குழி ஆக்கும்போது தலை வெடிக்காமலிருக்க, குழிக்கு இலேசான சரிவும் கூரிய அடியும் கொடுத்தார். முனையில் திருகாணியைச் செருகினால் அது கீழே விழாமல் ஒட்டி நிற்கும். மற்றொரு கை ஓய்வாக இருக்கும். அளவுகளுக்கு நிறமும் வகுக்கப்பட்டது: மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு. முனையைப் பார்க்காமலே அளவைச் சொல்லும் இந்த முறை, இன்று பிட் தாங்கி வரைகிற எவருக்கும் படிப்பினை தரக்கூடியது.

ஃபோர்டு நிறுவனத்தின் டி மாடல் காரில் ராபர்ட்சன் திருகாணி பயன்பட்டபோது காருக்கு 2.60 டாலர் மிச்சமானதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. ஃபோர்டு தன் பயன்பாட்டுக்கு உரிமம் கேட்டது. இங்கிலாந்தில் உரிமம் கொடுத்து ஏற்கெனவே கைசுட்டுக்கொண்ட ராபர்ட்சன் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லிவிட முடியாது. தன் உழைப்பின் பயனைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள நினைத்தார். ஆனால் விளைவு பெரியது. அன்று கிடைத்ததிலேயே மிகச் சிறந்த தலை, ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்கிப்போனது. கனடாவில் இன்றும் அது வீட்டுச் சாமான். எல்லை தாண்டினால் நெடுங்காலம் அரிய பொருளாகவே இருந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிலிப்ஸ் எதிர்வழியில் போனார். ஜான் தாம்சன் என்பவரின் சிலுவைக் குழி யோசனையை வாங்கி, அதைத் திருத்தி, 1936இல் காப்புரிமைகள் பெற்றார். அவர் உற்பத்தியாளரானதே இல்லை, உரிமம் விற்றார். ராட் ஐலண்டின் அமெரிக்கன் ஸ்க்ரூ நிறுவனம் அதைச் செய்யும் வழியைக் கண்டுபிடிக்கப் பெரும்பணம் செலவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் அதைப் பயன்படுத்தியது. சில ஆண்டுகளில் அமெரிக்கக் கார்த்தொழில் பெரும்பாலும் அதற்கு மாறியது. போர்க்காலத்தில் விமானங்களும் அதைக்கொண்டே திருகப்பட்டன. நம் மெக்கானிக்குகள் ‘ஸ்டார்’ என்று சொல்வது இதைத்தான். அதன் சரிவான பக்கங்களால் விசை கூடும்போது முனை மேலே தள்ளப்பட்டு நழுவும். அதிகம் இறுக்கி மரையைக் கெடுத்துவிடாமலிருக்க வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள் என்ற கதை பரவலாக உண்டு. ஆனால் ஃபிலிப்ஸின் 1936ஆம் ஆண்டுக் காப்புரிமைகள் அப்படி ஒரு நோக்கத்தைச் சொல்லவில்லை. அந்த நழுவலை ஒரு பயனாகக் காட்டும் பேச்சு பிந்தைய காப்புரிமைகளில் வருவது. குறை ஒன்று நாளடைவில் குணமாகப் பேசப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

அதற்குப் பிறகு தலைகள் பெருகின. அறுகோணக் குழி ஏற்கெனவே அமெரிக்காவில் 1910 வாக்கில் ஆலன் பெயரில் வந்திருந்தது. எல் வடிவச் சாவியோடு நம் சைக்கிள் கடை வரை வந்தது அது. ஃபிலிப்ஸின் நழுவலைக் குறைக்க 1960களின் தொடக்கத்தில் போசிடிரைவ் வந்தது; பார்வைக்கு ஃபிலிப்ஸ் போலவே இருக்கும், இடையில் நான்கு மெல்லிய கோடுகள் கூடுதல். ஒன்றின் முனையை மற்றொன்றில் போட்டுத் திருகினால் இரண்டுமே தேயும். ஜப்பானியத் தரத்தின்படி அமைந்த சிலுவைக் குழி இன்னொரு நுண்ணிய வேறுபாடு. 1967இல் கேம்கார் நிறுவனம் ஆறிதழ் வடிவமுள்ள டார்க்ஸை உருவாக்கியது. பிறகு, திறக்கக் கூடாதென்பதற்காகவே நடுவில் ஒரு முளை வைத்த டார்க்ஸ், மூன்று இறக்கைக் குழி, வீடியோ விளையாட்டுக் கருவிகளுக்கென்று தனி முனை. 2009இல் ஆப்பிள் ஒரு மடிக்கணினியின் மின்கலத்தைப் பிணைக்க ஐந்திதழ்த் தலையைப் பயன்படுத்தியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அது ஐபோன் 4க்கும் வந்தது. சந்தையில் அதற்கான திருப்புளி அப்போது எளிதில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஐந்தாறு அளவுகள் வேறு. பழுதுபார்ப்பவரின் மேசையில் முப்பது முனைகள் குவிந்த கதை இதுதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். முனைகள் பெருகியது காப்புரிமையால் என்பது பாதிதான் உண்மை. பொறியியல் காரணங்களும் இருக்கின்றன. கண்ணாடிச் சட்டத்தின் திருகாணிக்கும் காரின் எஞ்சின் திருகாணிக்கும் ஒரே தலை ஒத்துவராது. டார்க்ஸில் விசை ஏறக்குறைய நேராகப் பக்கச்சுவரில் விழுவதால் முனை மேலே தள்ளப்படுவதில்லை. அது ஃபிலிப்ஸை விட உண்மையிலேயே சிறந்தது. இதை முழுக்க ஏற்கிறேன். அளவுகள் பல இருப்பதற்குப் பொறியியலே காரணம். வடிவங்கள் பல இருப்பதற்கும் அது ஓரளவு காரணம். ஆனால் பொறியியல் மட்டும்தான் ஆண்டிருந்தால், நல்லது வந்ததும் கெட்டது விலகியிருக்க வேண்டும். 1908இலேயே நழுவாத சதுரத் தலை இருக்க, 1936இல் நழுவும் சிலுவைத் தலை உலகை வென்றது உரிமம் எளிதில் கிடைத்ததால்தான். ஃபிலிப்ஸுக்கும் போசிடிரைவுக்கும் இடையே ஒரு பார்வையில் பிடிபடாத வேறுபாடு இருப்பது யாருக்கும் நன்மையில்லை. ஐந்திதழ்த் தலை ஆறிதழை விட அதிக விசை தாங்குகிறது என்பதற்காக வந்ததில்லை. வாங்கியவர் தானே திறக்க முடியாதபடி செய்ததுதான் அதன் நேர் விளைவு. காப்புரிமை இல்லாவிட்டால் ஃபிலிப்ஸ் தலை செய்ய யாரும் முதல் போட்டிருக்க மாட்டார்கள் என்றும் சொல்லலாம். அதுவும் சரியே. காப்புரிமை கண்டுபிடிப்பைத் தூண்டியது; தூண்டிய அதே கையால் கண்டுபிடிப்புகளைத் தனித்தனித் தீவுகளாகவும் வைத்தது. இரண்டும் ஒருங்கே நடந்தவை.

இப்போது பிட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்போம். மறுமுனையில் அறுபட்டைக் காம்பு. எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். ஜெர்மனியில் செய்தாலும் தைவானில் செய்தாலும், முனை எந்த வடிவமாக இருந்தாலும், இது மாறாது. சர்வதேசத் தர அமைப்பின் 1173ஆம் தரமும் ஜெர்மனியின் டின் 3126 தரமும் இதை வரையறுக்கின்றன: 25 மி.மீ. போன்ற குட்டை பிட்டுகளுக்கு ஒரு வகை, காம்பில் பள்ளம் சுற்றி ஓடும் நீண்ட பிட்டுகளுக்கு இன்னொரு வகை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மின்திருப்புளியும், அதன் பிறகு மின்கலத்தில் ஓடும் துரப்பணமும் பரவியபோது இந்தக் காம்பும் கூடவே பரவியது. அதன் வெற்றிக்கு எந்தக் கண்டுபிடிப்பாளரின் பெயரும் ஒட்டவில்லை. அறுகோண எஃகுக் கம்பி ஆலைகள் இழுத்துத் தருகிற சாதாரணச் சரக்கு. பிட் செய்பவர் அதை நறுக்கி ஒரு முனையை மட்டும் கடைந்தால் போதும், காம்பு ஏற்கெனவே தயார். ஆறு பட்டை இருப்பதால் பிடியில் சுழலாது. எப்படிச் செருகினாலும் அறுபது பாகைக்குள் பொருந்திவிடும். இவ்வளவு வசதியிருந்தும் இதைத் தன்னுடையது என்று யாரும் வேலி போடவில்லை. மெட்ரிக் நாடுகள்கூட அங்குல அளவை அப்படியே ஏற்றன.

அது வெறும் தற்செயல்; அமெரிக்கச் சந்தை பெரிதாக இருந்ததால் அதன் அளவு எல்லோருக்கும் வந்து சேர்ந்தது என்று ஒருவர் மறுக்கலாம். சந்தையின் பலம் உண்மைதான். ஆனால் யாங்கி காம்பும் அமெரிக்கச் சந்தையில்தான் பிறந்தது, பல பத்தாண்டுகள் நன்றாக விற்றது, இருந்தும் அது உலகத் தரமாகவில்லை. முனை செய்பவர்களுக்குக் காம்பு பொதுவாக இருப்பதில் நேரடி லாபம் உண்டு: புதிய தலை ஒன்றைக் கண்டுபிடிப்பவர் அதற்கென்று புதிய துரப்பணத்தை விற்க வேண்டியதில்லை, ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கும் கருவியில் தன் பிட் பொருந்தினால் போதும். முனையில் போட்டியிட்டவர்கள் அனைவருக்கும் காம்பில் ஒற்றுமை தேவைப்பட்டது. போட்டி கூடக்கூட அந்த ஒற்றுமை இறுகியது. கைபேசி பழுதுபார்ப்பவர்களின் சிறிய பிட்டுகளில் 4 மி.மீ. அறுகோணக் காம்பு இதே வழியில் நிலைபெற்றது.

அச்சிட்ட தாங்கிக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டியிருந்தது: வீட்டில் பிளாஸ்டிக் பொருள் செய்யும் எந்திரம். உருகிய இழையை அடுக்கடுக்காகப் பரப்பிப் பொருள் செய்யும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989இல் விண்ணப்பித்து, 1992இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கியது ஸ்ட்ராடசிஸ் நிறுவனம். அந்தக் காலம் முழுவதும் இவ்வகை எந்திரம் பெரிய நிறுவனங்களின் மாதிரிக் கூடங்களுக்கே கட்டுப்படியாகும் விலையில் இருந்தது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005 வாக்கில் ரெப்ராப் திட்டத்தைத் தொடங்கினார். தன் உறுப்புகளில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் எந்திரம், வரைபடங்கள் எல்லோருக்கும் இலவசம். 2009இல் கிரம்பின் காப்புரிமை காலாவதியானது. அதே ஆண்டு மேக்கர்பாட் நிறுவனம் 750 டாலருக்கு ஒட்டுபலகையில் அமைந்த எந்திரத்தின் பாகங்களை விற்கத் தொடங்கியது. 2008இலேயே திங்கிவெர்ஸ் தளத்தில் மக்கள் தம் வரைபடங்களைப் பகிர ஆரம்பித்திருந்தார்கள். முதலில் அச்சிடப்பட்டவை பெரும்பாலும் பொம்மைகள். எந்திரம் நம்பகமானதும், அடுத்து வந்த கேள்வி பட்டறை மேசை மேலேயே கிடந்தது: இந்தச் சாமான்களையெல்லாம் எங்கே வைப்பது? 2022இல் ஸாக் ஃப்ரீட்மன் வெளியிட்ட கிரிட்ஃபினிட்டி என்னும் முறை 42 மி.மீ. சதுரத்தை அலகாக வைத்து, இழுப்பறை முழுவதையும் அச்சிட்ட கிண்ணங்களாலும் தாங்கிகளாலும் நிரப்ப வழி சொன்னது. அதையும் எல்லோருக்கும் திறந்தே விட்டார். சில மாதங்களில் பிறர் வரைந்த நூற்றுக்கணக்கான தாங்கிகள் அதில் சேர்ந்தன. காம்பு பரவியதற்கான காரணமே இங்கும் வேலை செய்தது.

தாங்கியை வரைந்து பார்த்தால் இந்த வரலாறு எண்களாகத் தெரியும். தரத்தின் பெயரில் 6.3 என்று இருப்பதை நம்பி அதே அளவில் துளை வரைந்தால் பிட் உள்ளே போகாது. உண்மைக் காம்பு 6.35. அச்சில் துளைகள் வரைந்ததை விடச் சற்றுச் சிறுத்தே வரும். ஆகவே 0.3 மி.மீ. இடம் விட்டுத் துளையை 6.65 என்று வைக்கலாம். இழை வெளிவரும் மூக்கு வழக்கமாக 0.4 மி.மீ.; அதில் மூன்று வரிசை சேர்ந்தால் 1.2 மி.மீ. சுவர். துளைக்குத் துளை 7.85 மி.மீ. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என்று 19 துளைகளைத் தேன்கூட்டு முறையில் அடுக்கினால் மொத்த அகலம் சுமார் 40.5 மி.மீ.; கிரிட்ஃபினிட்டியின் ஒரே அலகுக்குள் அடங்கிவிடுகிறது. இதே சுவரோடு துளைகளைச் சதுர வரிசையில் வைத்தால் ஒரு பிட்டுக்குச் சுமார் 70 சதுர மி.மீ. தேவை, தேன்கூட்டில் 53 போதும். காம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறாக இருந்திருந்தால் இந்தக் கணக்கே எழாது.

ஆனால் கச்சிதம் என்பதை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது தவறு. 19 பிட்டுகளும் நெருங்கி நிற்கும்போது அவற்றுக்கிடையே இருப்பது ஒன்றரை மி.மீ. இடைவெளி, நடுவில் இருப்பதை விரலால் பிடிக்க முடியாது. பலருடைய வரைபடங்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. வரிசைகளைப் படிக்கட்டுபோல உயர்த்தினால் இடம் சற்றுக் கூடும், ஆனால் பிட் கைக்கு வரும். ஜென்னிங்ஸ் பெட்டி அடுக்கடுக்காக இருந்ததைப் பார்த்தவர்கள் இதை முதலிலேயே யோசித்திருப்பார்கள். துளையின் ஆழம் பத்துப் பன்னிரண்டு மி.மீ. இருந்தால் பிட்டின் பாதிக்குமேல் வெளியே நிற்கும். உராய்வை மட்டும் நம்பிய துளை நாளாக ஆகத் தளரும். அடியில் ஒரு சிறு நியோடிமியம் காந்தம் வைத்தால் கவிழ்த்தாலும் பிட் விழாது. அந்தக் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டுபிடித்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று, ஃபிலிப்ஸ் தலையை உலகறியச் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸ். மற்றது ஜப்பானின் சுமிட்டோமோ. அச்சுக்கு வழக்கமாகப் பயன்படும் பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக் இழை ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும்; வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கும் தாங்கிக்குப் அதைவிட வெப்பம் தாங்கும் பிஇடிஜி இழை ஏற்றது.

கடைசியாக ஒரு மறுப்பு. பிட் தொகுதி வாங்கினால் கூடவே ஒரு நல்ல பெட்டி வருகிறது. அதை விட்டுவிட்டு நேரமும் மின்சாரமும் பிளாஸ்டிக்கும் செலவழித்து இன்னொன்றை ஏன் செய்ய வேண்டும்? தொகுதியை வாங்கிய நாளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சில மாதம் கழித்துப் பதில் வரும். ஸ்டார் இரண்டாம் எண் தேய்ந்துபோகும், வேறு நிறுவனத்தின் ஒன்று வாங்கப்படும். தொகுதியில் இருந்த பன்னிரண்டு முனைகள் ஒருநாளும் தேவைப்படாது. தேவைப்படும் ஒன்று அதில் இருக்காது. தொழிற்சாலைப் பெட்டி, விற்பவர் கட்டிய பட்டியலுக்குச் செய்தது. அச்சிட்ட தாங்கி, ஒருவர் கையில் உண்மையில் இருக்கும் பிட்டுகளுக்குச் செய்வது: ஸ்டார் இரண்டுக்கு மூன்று துளை, ஐந்திதழுக்கு ஒன்று, சதுரத்துக்கு இடமே வேண்டாம். தேவையில்லாமல் அலங்காரத்துக்காக அச்சிட்டுக் குவிப்பது வீண் என்பதை மறுக்கவில்லை. வேலை செய்பவரின் பட்டியலுக்குப் பெட்டி பணிய வேண்டும் என்பதே என் நிலை.

ஆகவே தாங்கி வரைகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சுக்கு ஏற்ற இறுதிக் கோப்பை மட்டும் பகிர்ந்துவிட்டு நிற்காதீர்கள். துளையின் அளவு, சுவரின் தடிமன், வரிசைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பிறர் மாற்றிக்கொள்ளும்படி அமைந்த மூலக் கோப்பையும் சேர்த்து வெளியிடுங்கள். பிட்டின் பக்கத்தில் அதன் வகையையும் எண்ணையும் எழுத்தாகப் பதியுங்கள். ஃபிலிப்ஸையும் போசிடிரைவையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். 6.35 என்னும் அளவை வேலியின்றி விட்டுப்போனவர்களால்தான் உங்கள் வரைபடம் மற்றவர் வீட்டிலும் பொருந்துகிறது. நீங்களும் அப்படியே விட்டுச் செல்லுங்கள்.